நெல்லிவிளைச் சந்தைக்கு ஆள் கூப்பிடப் போனேன், மடியில் நாழியோடு

கொல்லம் ஆண்டு 1106 பிறந்த ஆவணி மாதம், இங்கிலீஷ் கணக்குக்கு 1930, நாஞ்சில்நாட்டை நான்கு நாள் சுற்றி வந்தேன். திருநாள் பார்க்கப் போனதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊர்ச் சந்தைக்கு வியாபாரிகளைக் கூப்பிடப் போனேன். உங்கள் ஊரும் என் ஊரைப்போலப் பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்து, இங்கே ஒரு சந்தை நின்றால் நன்றாக இருக்குமே என்று நீங்களும் நினைத்தால், நான் போன வழியும் ஆன செலவும் உங்களுக்கு உதவும். நான் பட்ட அவமானமும் உதவும். முடிவில் ஜெயித்தது நான்தான் என்பதால் அதை எழுதுவதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

ஊர் நெல்லிவிளை. தக்கலையிலிருந்து வடக்கே இரண்டரை மைல், மாட்டுவண்டிப் பாதை. நெல்லுக்கும் குறைவில்லை, தண்ணீருக்கும் குறைவில்லை. கடை என்று பார்த்தால் என் பலசரக்குக் கடை ஒன்றுதான். நல்ல துணி வேண்டுமானால் வடசேரி, நல்ல மிளகு வேண்டுமானால் மார்த்தாண்டம், கருவாடு வேண்டுமானால் கடற்கரைப் பெண்கள் எப்போது தலைச்சுமையோடு வருகிறார்களோ அப்போது. இதற்கெல்லாம் வெளியே போகிறவர்கள் என் கடையில் வாங்க வேண்டிய உப்பையும் புளியையும் சேர்த்து அங்கேயே வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். திரும்புகிற வழியில் என் கடை வாசலில் சுமையை இறக்கி, தண்ணீர் மட்டும் வாங்கிக் குடிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே கொடுப்பேன். எத்தனை வருஷம் சிரிப்பது?

அதனால்தான் தை மாதம் ஊரைக் கூட்டிச் சனிக்கிழமைச் சந்தை தொடங்கினோம். ஊரில் பாதி வயலுக்குச் சொந்தக்காரரான பெரியவீட்டுக்காரர் தன் புளியந்தோப்பை இடமாகக் கொடுத்தார். முதல் நாள் குத்துவிளக்கு ஏற்றி, ஊர் நாழியில் நெல் நிறைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு நிறைநாழியாக விளக்கின் முன்னால் வைத்தோம். கல்யாண வீட்டில் வைக்கிறோமே, அதே மாதிரி. சந்தையில் அந்த நாழியால்தான் அளப்பது என்றும் பேசி முடித்தோம். பலா மரத்தில் கடைந்து வாயில் பித்தளைப் பூண் போட்ட நாழி அது. நெல்லிவிளை நாழி கை நிறைக்கும் என்று சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள்.

முதல் வாரம் கோட்டாற்றிலிருந்து குத்தின அரிசி விற்க வண்டி வந்தது. கடியப்பட்டணத்துக் கருவாட்டுக்காரிகள் வந்தார்கள். மார்த்தாண்டத்து மிளகு வியாபாரி வந்தார். இரண்டாம் வாரமும் வந்தார்கள். மூன்றாம் வாரம் ஒரு காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை. பாதை மோசம் என்றார்கள் ஊரில். குழிகளை மண் போட்டு மூடினோம். வெயில் என்றார்கள், ஓலைப் பந்தல் போட்டோம். இடத்துக்கு வாடகை வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினோம். அப்படியும் சனிக்கிழமைகளில் புளியந்தோப்பில் ஆடுதான் மேய்ந்தது.

எனக்கோ வேறு போக்கில்லை. சந்தை நிற்காவிட்டால் கடையைப் பூட்டி, கடைக்குப் பின்னால் இருக்கும் விளையை, அந்தத் தோட்ட நிலத்தை, விற்று, கொழும்பில் வேலை பார்க்கும் மைத்துனனிடம் போய்ச் சேருவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தோம். நான் மட்டும் போவது. என் மனைவி செல்லம்மையும் இரண்டு பெண்களும் இங்கே. அவள் தகரப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி வைத்தும்விட்டாள். நான் புறப்படும்போது, "போயிட்டு வாருங்கோ. ஆளு வந்தா பெட்டியைத் திரும்பப் பரண்ல ஏத்துதேன். வரலேன்னா உங்களுக்க வேட்டியை அதுல மடக்கி வைக்கேன்" என்றாள். கேலிதான். ஆனால் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வழியில் சமைத்துச் சாப்பிட ஒரு நாழி அரிசியும் அளந்து துணியில் முடிந்து தந்தாள். அந்த முடிச்சை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருகிறது. ஊர் நாழியையும் கேட்டு வாங்கி எடுத்துக்கொண்டேன். எங்கள் யோக்கியதையை வியாபாரிகள் கண்ணால் பார்க்கட்டும் என்பது என் யோசனை. யோசனை முழுக்க என்னுடையது, வேறு யார்மேலும் பழி போட மாட்டேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தக்கலையில் மோட்டார் பஸ் ஏறினேன். ஆறு மணி என்பது பஸ்காரர் சொல்லும் நேரம். ஆள் நிறைந்த பிறகுதான் வண்டி நகரும். நீங்கள் போவதானால் ஆறரைக்குப் போனால் போதும், ஆனால் முன்சீட்டு கிடைக்காது. வடசேரிக்குப் பத்து மைல், கூலி எட்டுச் சக்கரம், அதாவது இரண்டு பணம். ஏழு பணம் ஒரு ரூபாய். நாழியைத் துண்டால் சுற்றி மடியில் வைத்திருந்தேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, கைப்பிள்ளையா? அழவே காணோம்" என்றார். துண்டை விலக்கிக் காட்டி எங்கள் சந்தையின் பெருமையைப் பத்து மைலும் சொல்லிக்கொண்டு வந்தேன். பாவம், அந்த மனுஷனுக்கு இறங்கி ஓட வழியில்லை.

வடசேரியில் இறங்கியதும் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். காய்கறி வண்டிகள் விடியலிலேயே வந்து நெரியும். எட்டு மணிக்கு மேல் போனால் நல்ல வெள்ளரிக்காய் இருக்காது. அங்கிருந்து கோட்டாற்றுக் கம்போளம் என்கிற கடைவீதி நடக்கிற தூரம்தான். தை மாதம் எங்களுக்கு வண்டி அனுப்பிய அரிசி மண்டி முதலாளி நல்ல மரியாதை தெரிந்தவர். வெற்றிலைத் தட்டை என் பக்கம் தள்ளி, வயல் விளைச்சல் எல்லாம் விசாரித்தார். எண்ணெய் எஞ்சினில் ஓடும் அரிசி மெஷின் ஒன்று வரவழைத்திருப்பதாகவும், அதை மேற்கே ஏதாவது ஓர் ஊரில் நிறுத்தப்போவதாகவும் சொன்னார். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. மெஷின் வந்தால் நெல்லோடு பத்து ஊர் ஆள் வரும். வந்த ஆள் உப்பு வாங்காமல் போவானா?

நாழியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். சந்தனம் காய்ந்து அதில் ஒட்டியிருந்தது. அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு உள்ளே கையை விட்டுத் தடவினார், வாய் விளிம்பை விரலால் சுற்றிப் பார்த்தார், பத்திரமாகத் திருப்பித் தந்தார். "கொள்ளாம், நல்ல நாழி. சந்தை நிக்கட்டும் பிள்ளே, அப்புறம் மெஷினைப் பத்திப் பேசுவோம்" என்றார். வண்டி இந்தச் சனிக்கிழமை வருமா என்று கேட்டேன். மாட்டுக்குக் கால் சரியில்லை என்றார். அவரிடம் பன்னிரண்டு மாடு நின்றது. எல்லாவற்றுக்குமா கால் சரியில்லை என்று நான் கேட்கவில்லை. ராத்திரி வடசேரியில் சொந்தக்காரர் வீட்டில் படுத்தேன். சொந்தம் இல்லாதவர்களுக்குச் சத்திரம் இருக்கிறது, மூட்டைப்பூச்சிக்குத் தனிக்கூலி கிடையாது.

மறுநாள் கடியப்பட்டணம். பன்னிரண்டு மைல், மாட்டுவண்டிக்கு ஆறு பணம். தனியாகப் போகாதீர்கள், வடசேரியில் உப்பு, கயிறு வாங்கித் திரும்புகிற கடற்கரைக்காரர்கள் வண்டியில் இடம் கேட்டால் ஒன்றரைப் பணத்தில் காரியம் முடிந்துவிடும். இது எனக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஊரை நெருங்கும்போதே கருவாட்டு மணம் வந்து மூக்கைப் பிடிக்கும். அரை மணி நேரத்தில் பழகிவிடும். மணலில் பாய் பாயாக நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. கோயில் மணி அடித்தபோது பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டு, அதே கையால் காக்காயையும் விரட்டினார்கள்.

மதலேனம்மை அங்கே கருவாட்டு வியாபாரத்தில் பெரிய கை. அவள் சொன்னால் இருபது பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு புறப்படுவார்கள். தை மாதம் எங்கள் சந்தைக்கு வந்ததும் அவள் கூட்டம்தான். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டு, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தந்து உட்காரவைத்தாள். அந்தக் கறிக்காகவே ஒருமுறை கடியப்பட்டணம் போகலாம். சாப்பிட்டு முடித்து நான் நாழியை எடுத்தேன். அவள் அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். சுற்றியிருந்த பெண்களும் சிரித்தார்கள்.

"நல்ல நாழியாக்கும் அண்ணாச்சி" என்றாள். "இது குடுக்குத நாழி. குடுக்குத வீட்டுக்கு ஐசுவரியம்."

நான் பூரித்துப்போனேன். சனிக்கிழமை வருவீர்களா என்று கேட்டதற்கு, தூரம் அதிகம், கால் வலிக்கிறது என்று இழுத்தாள். இதே பெண்கள் எங்கள் ஊரைத் தாண்டி மூன்று மைல் நடந்து மலையடிவாரம் வரைக்கும் போய் விற்றுவிட்டு வருகிறவர்கள். கோட்டாற்றில் மாட்டுக்குக் கால் சரியில்லை, இங்கே மனுஷிக்குக் கால் சரியில்லை. எங்கள் ஊர்ச் சந்தையை நினைத்தாலே கால் வலி வரும்போல என்று நினைத்துக்கொண்டு, அன்றைக்குச் சாயங்காலமே புறப்பட்டேன்.

திங்கள்சந்தை வரை ஐந்து மைல் நடை. அங்கே தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் படுத்து, காலையில் தக்கலைக்கு வண்டியும், தக்கலையிலிருந்து பஸ்ஸுமாக மார்த்தாண்டம் போய்ச் சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. பழைய ஆட்கள் தொடுவெட்டி என்றுதான் சொல்வார்கள். சந்தை என்றால் அது சந்தை. மிளகு, பாக்கு, தேன், மரச்சீனி, கயிறு, வாழைக்குலை, எல்லாவற்றுக்கும் நடுவில் பாதித் தமிழிலும் பாதி மலையாளத்திலும் விலைபேச்சு. சாயாக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. பசியோடு வியாபாரிகளிடம் பேசக்கூடாது என்பது என் கொள்கை. முதலில் ஒரு சாப்பாட்டுக்கடையைப் பிடித்தேன்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாழி அரிசி கொடுத்தால் இரண்டு வேளை சோறும் கறியும் போடுவார்கள், கறிக்கும் விறகுக்கும் மட்டும் காசு. கடைக்கார அம்மை என் முடிச்சை அவிழ்த்துத் தன் நாழியில் அளந்தாள். நாழி நிறைந்தது. துணியில் மிச்சம் கிடந்தது. அதைத் திரும்ப முடிந்து என் கையில் தந்து, "ஒரு நாழிதான் வேணும். அரை உழக்கு கூட இருக்கு, இத நீங்களே வச்சுக்கிடுங்கோ" என்றாள்.

எட்டு அரை உழக்கு சேர்ந்தால் ஒரு நாழி. அந்த அரை உழக்கை வாங்கிக்கொண்டு நான் வாயை மூடியிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. ஆனால் நெல்லிவிளைக்காரன் வாயை மூடுவானா? என் மனைவி ஒரு நாழிதான் அளந்தாள், எங்கள் நாழியில் பொய் கிடையாது, ஆகவே உன் நாழிதான் சின்னது, ஊரை ஏய்க்கிறாய் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மை கரண்டியைக் கீழே வைத்தாள். சந்தைக் குத்தகைக்காரரிடம் சர்க்கார் முத்திரை குத்தின நாழி இருக்கிறது, வா அளந்து பார்ப்போம் என்று முன்னால் நடந்தாள். நானும் மடி நாழியைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். சண்டை என்றால் கூட்டத்துக்குச் சொல்லவா வேண்டும், நாங்கள் போய்ச் சேருவதற்குள் பாதிச் சந்தை எங்கள் பின்னால் வந்தது.

குத்தகைக்காரர் முதலில் அந்த அம்மையின் நாழியில் மிளகை நிறைத்து, தலை வழித்து, முத்திரை நாழியில் கொட்டினார். ஒரு மணிகூடக் கூடவில்லை, குறையவில்லை. அடுத்து எங்கள் நாழி. நிறைத்து, வழித்து, கொட்டினார். முத்திரை நாழி நிறைந்து, வழிந்து, பனம்பாயில் மிளகு நாலாபக்கமும் உருண்டது. சந்தையே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த அம்மை மட்டும் சிரிக்கவில்லை. "சோறு ஆறுதுக்கு முன்னால வந்து சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கூட்டத்தில் ஒருவர் உருண்ட மிளகைப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் சந்தைக்கு இரண்டு வாரம் வந்து நின்றுபோன அதே மிளகு வியாபாரி. நான் ஒன்றும் கேட்காமலே அவர் சொன்னார்: "எட்டு நாழி அளந்தா ஒரு நாழி உங்களுக்க ஊருக்குத் தானமாக்கும். ரெண்டு வாரம் குடுத்தேன். மூணாவது வாரம் குடுக்க எனக்குக் கழியாது."

அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"விளக்குக்க முன்னால சந்தனம் வச்ச நாழி. அதப் போயி எந்த நாக்க வச்சுக் குறை சொல்ல?"

அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோட்டாற்று முதலாளி கண்ணில் ஒற்றிக்கொண்டு விளிம்பைத் தடவிப் பார்த்தது, மதலேனம்மை கொடுக்கிற நாழி என்று சொல்லிச் சிரித்தது, மாட்டுக் கால், மனுஷிக் கால், எல்லாம். நாங்கள் வியாபாரிகளைக் கூப்பிட்டு, மாலை போட்டு, மடியை அவிழ்த்துக்கொண்டு அனுப்பியிருக்கிறோம். அதையே பெருமை என்று தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலுக்கும் போயிருக்கிறேன். வெட்கத்தோடு சந்தோஷமும் வந்தது. பாதையோ வெயிலோ காரணமாக இருந்தால் என்னால் மாற்ற முடியாது. நாழியை மாற்ற ஒரு நாள் போதும்.

போய்ச் சோறு சாப்பிட்டேன். அந்த அம்மையிடம் தப்பு என்னுடையது என்று சொல்லி, அவள் எங்கே வாங்கினாள் என்று கேட்டு, அதே இடத்தில் முத்திரை குத்தின நாழி ஒன்று வாங்கினேன். விலை மூன்றே பணம். மிளகு வியாபாரியிடம் புது நாழியைக் காட்டி, சனிக்கிழமை வாருங்கள் என்றேன். யோசிக்கவே இல்லை, வருகிறேன் என்றார். மறுநாள் காலை தக்கலைக்குப் பஸ் ஏறினால் டிரைவர் அதே மனுஷன். என் மடியைப் பார்த்து, "போகும்போ ஒண்ணு, வரும்போ ரெண்டா? பெத்தாச்சா அண்ணாச்சி?" என்றார். நடந்ததை அவருக்கும் சொன்னேன். கோட்டாற்றிலும், கடியப்பட்டணம் போகிற வண்டிக்காரர்களிடமும் நெல்லிவிளையில் நாழி மாறிவிட்டது என்று சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டேன். சொல்வதற்கு அவருக்கு ஒரு நல்ல கதையும் கிடைத்தது.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஊருக்குள் அல்லவா மீதி இருந்தது. அன்று சாயங்காலம் புளியந்தோப்பில் ஊர் கூடியது. இரண்டு நாழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து காட்டினேன். சிலர் தாங்களே வாங்கித் திரும்ப அளந்து பார்த்தார்கள். எங்கள் ஊர்ப் பெருமை அரை உழக்கு என்று கண்ணால் பார்ப்பது லேசான காரியமா? ஆனால் பெரியவீட்டுக்காரர் முகம் மட்டும் மலர்ந்தது. அவர் புது நாழியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நல்லது. இனிமே ஊருக்கு ஒரே நாழி போரும். சந்தைக்கும் இதுதான், களத்துக்கும் இதுதான்" என்றார்.

களம் என்றதும் எனக்கு அறுப்புக் கூலி நினைவுக்கு வந்தது. புரட்டாசியில் கன்னிப்பூ அறுப்பு, வருஷத்தின் முதல் போகம். அறுப்புக்காரிகளுக்குக் கூலி நெல்லை ஊர் நாழியால்தான் அளப்போம். நெல்லிவிளை நாழி கை நிறைக்கும் என்ற பேச்சே அந்தக் கூலியால் வந்தது. சுற்று ஊரிலிருந்தெல்லாம் பெண்கள் எங்கள் வயலுக்கு அறுக்க வருவது அந்த அரை உழக்குக்காகத்தான். நான் மார்த்தாண்டத்திலிருந்து வாங்கி வந்த நாழியால் இவர் அவர்கள் மடியிலிருந்து ஒன்பதில் ஒரு பங்கை எடுக்கப்போகிறார்.

அறுப்புக் கூட்டத்துக்குத் தலைவி இசக்கியம்மை. கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தவள் முன்னால் வந்தாள். சத்தம் போடவில்லை.

"சந்தைக்கு உள்ளத சந்தையில வையுங்க. களத்து நாழியத் தொட்டா, அறுப்புக்கு அருவா எடுக்க எங்க கூட்டத்துல ஒருத்தியும் இல்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நாழி கொண்டுவந்தவன் நான் அல்லவா. தோப்பு பெரியவீட்டுக்காரருடையது. அவரை எதிர்த்தால் சந்தைக்கு இடம் போய்விடும், சந்தை போனால் கடை போய்விடும், கடை போனால் எனக்குக் கொழும்பு. பெண்கள் பக்கம் செல்லம்மை நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வையில், போனால் போகிறது, சொல்லுங்கள் என்று இருந்தது. எனக்குக் கோபமும் வந்துவிட்டது. என் காலில் நடந்து நான் கண்டுபிடித்ததை இன்னொருவர் இப்படி ஆதாயம் ஆக்குவதா?

எழுந்து நின்று, "அய்யா, உங்களுக்க வீட்டுக்கு வருஷத்துக்கு எத்தனை நாழி மிளகு வேணும்? சந்தையில வாரா வாரம் வாங்கப் போறது இந்தப் பெண்ணுங்களாக்கும். இவங்களுக்க மடியில இருந்து அரை உழக்க எடுத்தா, சந்தையில இருந்து எடுத்த மாதிரிதான்" என்றேன்.

அப்படியானால் சந்தையை உன் கடைக்குள்ளே நடத்திக்கொள் என்றார் அவர். நடத்துகிறேன் என்றேன். கடைக்குப் பின்னால் முப்பது சென்ட் விளை இருக்கிறது, விற்க நினைத்த இடம், இனி விற்கவில்லை, பந்தலை நாளைக்கே அங்கே மாற்றிப் போடுகிறேன் என்றேன். கோட்டாற்று முதலாளியின் அரிசி மெஷின் சந்தை எங்கே நிற்கிறதோ அங்கே வரும் என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைத்தேன். மெஷின் வந்தால் இடத்துக்கு வாடகை வரும் என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பிறகு புது நாழியை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். ரெண்டும் இருக்கட்டும், சந்தை தோப்பிலேயே நிக்கட்டும் என்றார். இசக்கியம்மை பழைய நாழியை எடுத்துத் தன் கையாலேயே களத்தில் கூலி அளக்கிறவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்தச் சனிக்கிழமை புது நாழியைப் பந்தல் காலில் சங்கிலி போட்டுக் கட்டினோம். சந்தனம் வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் விடவில்லை. அதில் குறை இருந்தால் வருகிறவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத சாமானைச் சந்தையில் வைக்கக்கூடாது. மிளகு வியாபாரி எட்டு மணிக்கே வந்துவிட்டார். ஒன்பது மணிக்கு மதலேனம்மை பன்னிரண்டு பெண்களோடு வந்து, கூடையை இறக்கும் முன்பே நாழிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். "இது விக்குத நாழி" என்று சொல்லிக் கூடையை இறக்கினாள். கால் வலியைப் பற்றி நானும் விசாரிக்கவில்லை. கோட்டாற்று வண்டி அன்று வரவில்லை. அடுத்த வாரம் வந்தது, இரண்டு வண்டி.

புரட்டாசியில் அறுப்பு முடிந்த முதல் சனிக்கிழமை இசக்கியம்மை கூலி நெல்லோடு சந்தைக்கு வந்தாள். களத்தில் எட்டு நாழி வாங்கியவள். சந்தை நாழியில் அளந்தபோது எட்டு அளந்தும் கூடையில் நெல் இருந்தது. ஒன்பதாவது நாழியும் நிறைந்தது. எட்டை விற்றுத் துணியும் உப்பும் வாங்கினாள். ஒன்பதாவது நாழி நெல்லைக் கொடுத்து மதலேனம்மையிடம் நெத்திலி வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரத்திலிருந்து மற்ற அறுப்புக்காரிகளும் அதையே செய்தார்கள். பெரியவீட்டுக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஐப்பசியில் மெஷின் வந்து அவர் தோப்பின் மேல்மூலையில் இறங்கியபோது சந்தைக்கு முதல் ஆள் தானே என்பதுபோல நின்றார். நின்றுவிட்டுப் போகட்டும்.

இதைப்போல வியாபாரிகளைக் கூப்பிடப் புறப்படுகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். தக்கலையில் தொடங்கி நான் போன வட்டத்துக்கு நாலு நாள் வேண்டும், சாப்பாடும் வண்டியும் சேர்த்து மூன்று ரூபாயில் முடிக்கலாம். ஆவணியில் போங்கள், மழை குறைவு. வியாபாரியிடம் பேசுவதற்கு முன் அவர் ஊரில் ஒரு சாமான் விலைக்கு வாங்குங்கள், உங்கள் ஊர்ச் சாமான் ஒன்றை அங்கே விற்றும் பாருங்கள். மரியாதைக்காரர்கள் உங்கள் குற்றத்தை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், சாக்குத்தான் சொல்வார்கள். ஒரே சாக்கு இரண்டு ஊரில் கேட்டால், பாதையைச் செப்பனிடுவதை நிறுத்திவிட்டு உங்கள் ஊர் நாழியை அளந்து பாருங்கள். மார்த்தாண்டத்துச் சாப்பாட்டுக்கடையில் மட்டும் யாரிடமும் வாய் கொடுக்காதீர்கள். சோறு நன்றாக இருக்கும்.

தகரப்பெட்டி பரணில் ஏறவில்லை. விற்காமல் மிஞ்சுகிற கருவாட்டைத் திரும்பச் சுமந்து போவது கஷ்டம், அடுத்த சனி வரைக்கும் வைக்க எலி புகாத பெட்டி ஒன்று வேண்டும் என்று மதலேனம்மை கேட்டாள். செல்லம்மை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தகரப்பெட்டியைத் தூக்கிக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். இப்போது அது என் கடை மூலையில் நெத்திலியோடு இருக்கிறது. அந்த நாற்றத்தோடு இனி எந்தக் கப்பலிலும் என்னை ஏற்ற மாட்டார்கள்.